எங்கே போயிருந்தாய்?

(மைசூருவில் ‘டோக்கியோ சொனாட்டா’ திரையிடலுக்கு மறுநாள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நேற்று மாலை படம் முடிந்து விளக்குகளைப் போட்ட பிறகும் முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்திருக்கவே இல்லை. உடம்புக்கு ஏதோ என்று பயந்து பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “ராத்திரி முழுக்கக் கடற்கரையில இருந்துட்டு வர்றா. புருஷனும் கேக்கல, புள்ளையும் கேக்கலையே” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்குப் பேசுவதற்கென்று ஜப்பானிய சினிமாவின் வரலாறு பற்றிப் பத்துப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். வீட்டுக்குப் போனதும் அதை மடித்து வைத்துவிட்டேன். அந்த அம்மாவின் கேள்வியைப் பிடித்துக்கொண்டே பேசுகிறேன்.

நேற்று வராதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். 2008-ல் வந்த படம். இயக்கியவர் கியோஷி குரோசாவா. நாமெல்லாம் அறிந்த அகிரா குரோசாவாவுக்கும் இவருக்கும் உறவு கிடையாது, குடும்பப் பெயர் ஒன்றாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான். ‘க்யூர்’, ‘பல்ஸ்’ என்று திகில் படங்களால் பெயர் வாங்கியவர். இந்தப் படத்தில் பேய் இல்லை, ரத்தம் இல்லை. ஆனால் பேய்ப்படத்தில் கதவையும் மாடிப்படியையும் எப்படிப் பார்ப்பாரோ அப்படித்தான் இந்த வீட்டையும் பார்த்திருக்கிறார். கான் திரைவிழாவில் ‘அன் செர்ட்டன் ரிகார்ட்’ பிரிவின் நடுவர் பரிசு அந்த ஆண்டு இந்தப் படத்துக்குக் கிடைத்தது.

டோக்கியோவில் ரயில் பாதையை ஒட்டி ஒரு சிறிய வீடு. குடும்பத் தலைவர் ரியூஹெய் சசாகி ஒரு நிறுவனத்தில் நிர்வாகப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருப்பவர். அந்த வேலை சீனாவின் டாலியன் நகரத்துக்குப் போய்விடுகிறது. இவர் ஒரே நாளில் வெளியே. வீட்டில் சொல்லவில்லை. மறுநாளும் கோட்டும் டையும் கைப்பெட்டியுமாகக் கிளம்புகிறார். பூங்காவில் வீடற்றவர்களுக்கு இலவசமாகச் சாப்பாடு போடும் வரிசையில் நிற்கிறார். அந்த வரிசையில் இவரைப் போலவே கோட் போட்டவர்கள் இன்னும் பலர். பழைய பள்ளித்தோழர் ஒருவரையும் அங்கே பார்க்கிறார். அவர் இந்தக் கலையில் தேறியவர். கைபேசி தானாகவே மணிக்கு ஐந்து முறை அடிக்கும்படி அமைத்து வைத்து, யாரோ அழைத்தது போலப் பேசிக்கொண்டே நடப்பார். அந்த நண்பரும் அவர் மனைவியும் பின்னால் வீட்டில் இறந்து கிடக்கிறார்கள்.

மூத்த மகன் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து போகிறான். இளையவன் கென்ஜி பியானோ கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறான். அப்பா ஒரே வார்த்தையில் மறுக்கிறார். பையன் பள்ளிச் சாப்பாட்டுக் காசைக் கொண்டுபோய் ரகசியமாகப் பியானோ வகுப்புக்குக் கட்டுகிறான். அவனுக்குக் கையில் அபாரமான வித்தை இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அப்பா இறங்கி வருவதில்லை. முதலில் மறுத்தாயிற்று, இப்போது சரி என்றால் அப்பா என்ற அதிகாரம் என்ன ஆவது? வேலை போனதை ஏன் மறைக்கிறார் என்பதற்கும் இதே விடைதான். வேலை போனால் அதிகாரம் போகும். அதிகாரம் போய்விட்டால் இந்த வீட்டில் தான் யார் என்று அவருக்கே தெரியவில்லை.

படத்தில் ஒரு சாப்பாட்டுக் காட்சி. எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். தட்டு நிறையப் பண்டம். யாரும் கை வைக்கவில்லை. அப்பா பீரை ஊற்றி மெதுவாகக் குடிக்கிறார். அவர் குச்சியை எடுத்தால்தான் மற்றவர்கள் எடுக்கலாம். வேலையும் சம்பளமும் போன பிறகு அந்த மனிதரிடம் மிச்சமிருக்கும் ராஜ்யம் அந்த அரை நிமிஷம்தான். நம் வீடுகளில் இலை போட்டு அப்பா அதைச் சுற்றித் தண்ணீர் விட்டுப் பரிசேஷணம் முடிக்கும்வரை, அல்லது தாத்தா முதல் கவளம் எடுக்கும்வரை காத்திருந்த பிள்ளைகள் இந்த அரங்கில் எத்தனை பேர் இருக்கிறோம்! அந்தக் காட்சிக்கு விளக்கவுரை நமக்குத் தேவைப்படாது.

இனி அம்மா. அவள் பெயர் மெகுமி. கியோகோ கோய்சுமி நடித்திருக்கிறார். ஒரு ராத்திரி சோபாவில் படுத்திருக்கிறாள். கணவர் பேசிவிட்டு உள்ளே தூங்கப் போய்விட்டார். அவள் இரண்டு கையையும் மேலே நீட்டி, யாராவது தூக்கிவிடுங்களேன் என்கிறாள். அறையில் யாரும் இல்லை. நீட்டிய கை அப்படியே கொஞ்ச நேரம் அந்தரத்தில் நிற்கிறது. இந்தப் படத்தைப் பல தடவை பார்த்திருக்கிறேன். இந்த இடம் வரும்போது ஒவ்வொரு தடவையும் என் கை தானாக முன்னால் போகிறது.

கணவர் பூங்காவில் வரிசையில் நின்றது அவளுக்குத் தெரியும். பார்த்திருக்கிறாள், பார்த்ததைச் சொல்லவில்லை. தினமும் போல வழியனுப்புகிறாள், தினமும் போல வரவேற்கிறாள்.

வழியனுப்புவது என்றதும் ஒரு விஷயம். ஜப்பானியர்கள் வீட்டை விட்டுக் கிளம்பும்போது ‘இத்தெகிமாஸ்’ என்பார்கள். போய்விட்டு வருகிறேன் என்று பொருள். தமிழர் வீட்டில் யாராவது ‘போறேன்’ என்று சொல்லிக் கிளம்பினால் பாட்டி உடனே, “வரேன்னு சொல்லு” என்று திருத்துவாள். இங்கே கன்னடத்திலும் ‘பர்த்தீனி’ தான். மூன்று மொழியிலும் கிளம்பும் வார்த்தைக்குள்ளேயே திரும்பி வருவது இருக்கிறது. ஆனால் ஜப்பானியரிடம் இன்னும் இரண்டு வார்த்தை கூடுதலாக உண்டு. வீட்டுக்குள் நுழைந்ததும் ‘ததாய்மா’, இதோ வந்துவிட்டேன் என்பார்கள். உள்ளே இருப்பவர்கள் ‘ஒகாயேரி’, வந்தாயா என்பார்கள். நம்மிடம் இதற்கு ஈடாக எதுவும் இல்லை. விருந்தாளியை ‘வாங்க வாங்க’ என்கிறோம். வீட்டுக்காரர் வந்தால், ‘காப்பி போடவா?’ மைசூருவில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி ‘ஊட்ட ஆயித்தா?’ சாப்பாட்டைக் கேட்பதிலேயே அன்பையெல்லாம் போட்டு வைத்திருக்கிறோம். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் எத்தனை கேள்விகளை ஒளித்து வைத்திருக்கிறோம் என்பதைத்தான் இப்போது பார்க்க வேண்டியிருக்கிறது.

என் வீட்டுக் கதை ஒன்று. தொண்ணூறுகளில் என் அப்பா இந்த ஊரில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருந்தார். ஆலையை மூடிவிட்டார்கள். எந்த ஆலை என்பது இங்கே தேவையில்லை. அப்பா வீட்டில் சொல்லவில்லை. காலை எட்டரை மணிக்குத் தேய்த்த சட்டை போட்டு, சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்புவார். சாயங்காலம் ஆறு மணிக்கு வருவார். நாலு மாசம் இப்படி நடந்தது. பிள்ளைகள் எங்கள் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. எப்படி என்றால், டப்பா கழுவி வந்தது. இருபது வருஷமாக அப்பா டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்ததே இல்லை. ஓரத்தில் சோறு காய்ந்து ஒட்டிக்கொண்டு, ஊறுகாய் எண்ணெயோடுதான் வரும். திடீரென்று பளிச்சென்று கழுவி, துடைத்து, மூடி போட்டு வந்தது. வேலையில் இருக்கும் மனுஷனுக்கு டப்பா கழுவ நேரம் ஏது? அம்மா ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் கட்டிக் கொடுத்தாள். இதன் மிச்சத்தைப் பிறகு சொல்கிறேன். மெகுமி கதவருகே நின்று வழியனுப்பும் காட்சியில் எனக்கு அம்மாவின் கையும் அந்த எவர்சில்வர் டப்பாவும்தான் தெரிந்தன என்பதற்காக இப்போது சொன்னேன்.

படத்தின் பிற்பகுதியில் வீட்டுக்குள் ஒரு திருடன் வருகிறான். கோஜி யாகுஷோ நடித்திருக்கிறார். பூட்டுத் தொழில் செய்து நொடித்துப்போனவன், கத்தியைப் பிடிக்கக்கூடத் தெரியாத திருடன். மெகுமியைப் பணயமாக்கிக் காரோட்டச் சொல்கிறான். வழியில் ஒரு கடைவளாகத்தில் அவள் தன் கணவனைப் பார்த்துவிடுகிறாள். அவர் அங்கே துப்புரவுத் தொழிலாளியின் உடுப்பில் நிற்கிறார். அவளைப் பார்த்ததும் ஓடுகிறார். அவளுக்குத் தப்பிக்க வழி இருக்கிறது. ஆனால் அவள் திரும்பிப் போய்த் திருடனோடு காரில் ஏறுகிறாள். கடற்கரையில் ஒரு குடிசையில் ராத்திரி கழிகிறது. விடிந்து பார்த்தால் திருடன் இல்லை. காரின் சக்கரத்தடம் மணலில் நேராகக் கடலுக்குள் போகிறது. அவள் வீட்டுக்கு நடந்து வருகிறாள். அதே இரவில் கென்ஜி காவல் நிலையத்தில் கிடந்திருக்கிறான், அப்பா தெருவோரத்தில் அடிபட்டுக் கிடந்திருக்கிறார். மூன்று பேரும் தனித்தனியாக வீடு வந்து சேர்ந்து, ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். யார் எங்கே இருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

பூட்டு வேலை செய்பவன், திருடன், தண்ணீர், ஓர் இரவு, திரும்பி வரும் பெண். நேற்று ராத்திரி தூக்கம் வராமல் புரண்டபோதுதான் இந்தக் கதையைப் படம் வருவதற்கு எழுபது வருஷத்துக்கு முன்பே இந்த ஊரில் ஒரு தமிழர் எழுதியிருக்கிறாரே என்று உறைத்தது.

ஆர்.கே. நாராயணின் ‘த டார்க் ரூம்’. 1938-ல் வெளிவந்தது. யாதவகிரியில் அவர் வாழ்ந்த வீடு இப்போது நினைவகம், உங்களில் பலர் போய்ப் பார்த்திருப்பீர்கள். ஆனால் இந்த நாவல் எழுதப்பட்ட காலத்தில் அந்த வீடு கிடையாது. அப்போது அவர் முப்பது வயதை ஒட்டிய இளைஞர். சென்னையில் பிறந்து, தலைமை ஆசிரியரான அப்பாவோடு மைசூருவுக்கு வந்து, மகாராஜா கல்லூரியில் படித்து, இந்தத் தெருக்களில் நடந்து நடந்தே எழுத்தாளர் ஆனவர். நாவல் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டுக்குள் நடப்பது தமிழ்ப் பேச்சு என்பது தமிழ் வாசகருக்கு முதல் பக்கத்திலேயே கேட்டுவிடும்.

நாவலின் நாயகி சாவித்திரி. அவள் கணவன் ரமணி காப்பீட்டு நிறுவனத்தில் பெரிய பதவியில் இருப்பவன். காரில் போய்க் காரில் வருவான். காலைச் சாப்பாட்டில் கத்தரிக்காயைக் குறை சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. பாபு, கமலா, சுமதி என்று மூன்று பிள்ளைகள். நவராத்திரி வருகிறது. கொலுவுக்கு விளக்கு அலங்காரம் செய்யப் போய்ப் பையன் மின்சாரத்தையே போக்கிவிடுகிறான். அப்பா அவனை அடிக்கிறான். அன்றைக்கு சாவித்திரி சமையல்கட்டை ஒட்டிய இருட்டறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுகிறாள். சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை. அந்த அறைதான் நாவலின் பெயர்.

பழைய மைசூரு வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்த அறை தெரியும். நாம் உக்கிராண அறை என்போம், கன்னடத்திலும் உக்ராணம்தான். ஜன்னல் இருக்காது, இருந்தாலும் சாணளவு. புளிப்பானை, பழைய முறம், கால் உடைந்த மணை. மத்தியானத்திலும் கை நீட்டித் துழாவித்தான் எடுக்க வேண்டும். நடுக்கூடம் ஆண்களுக்கு, திண்ணை வந்தவர்களுக்கு, பூஜை அறை சாமிக்கு. பெண்ணுக்கென்று எழுதாமலே ஒதுங்கிய இடம் அந்த இருட்டு. அழுவதற்கு வேறு இடம் கிடையாது. நாராயண் அந்த இருட்டறையைத் தேர்ந்தெடுத்தது பெரிய விஷயம். எதிர்த்துப் பேச வாயில்லாதவள் தன் எதிர்ப்பைக் காட்ட, வீட்டின் மிகச் சின்ன அறையை எடுத்துக்கொள்கிறாள்.

பிறகு ரமணியின் அலுவலகத்தில் சாந்தாபாய் என்று ஒருத்தி வேலைக்கு வருகிறாள். ரமணி அவள் பின்னால் போகிறான். சாவித்திரிக்குத் தெரிந்து கேட்கிறாள், சண்டை முற்றுகிறது. பிள்ளைகளைக் கூட்டிப் போக அவளுக்கு உரிமையில்லை. நகைகளையும் விட்டுவிட்டு ராத்திரியில் தனியாக ஆற்றுக்கு நடக்கிறாள். தண்ணீரில் இறங்குகிறாள். அவளை இழுத்துக் காப்பாற்றுகிறவன் மாரி. பகலில் தெருத்தெருவாகப் போய்ப் பூட்டும் குடையும் பழுதுபார்ப்பவன், ராத்திரியில் பூட்டை உடைத்துத் திருடுகிறவன். மாரியும் அவன் மனைவி பொன்னியும் அவளைத் தங்கள் கிராமத்துக்குக் கூட்டிப் போகிறார்கள். யார் தயவிலும் சாப்பிட மாட்டேன் என்று கோயிலில் கூலி வேலை கேட்டுச் செய்கிறாள். வாழ்க்கையில் முதன்முதலாகத் தான் சம்பாதித்த சோறு. ஆனால் ராத்திரி வந்ததும் பயம், பிள்ளைகளின் முகம். கொஞ்ச நாளிலேயே வீடு திரும்பிவிடுகிறாள்.

திரும்பி வந்தவளைப் பெரிய விசாரணை எதுவும் எதிர்கொள்வதில்லை. வீடு பழையபடி ஓடத் தொடங்குகிறது. அவளுக்குள் ஏதோ ஒன்று செத்துப் போயிருப்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

நாராயண் அந்த இடத்தில் நாவலை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஒரு நாள் தெருவில் குடை, பூட்டு ரிப்பேர் என்று மாரியின் குரல் கேட்கிறது. சாவித்திரி ஜன்னலுக்கு ஓடுகிறாள். தன் உயிரைக் காப்பாற்றியவன் தெருவில் போகிறான். கூப்பிடச் சொல்கிறாள். அடுத்த கணமே வேண்டாம் என்கிறாள். கூப்பிட்டு என்ன கொடுப்பது? தனக்கென்று இந்த வீட்டில் என்ன இருக்கிறது? குரல் தெரு முனையில் தேய்ந்து போகிறது. எனக்குத் தெரிந்து இந்திய நாவல்களில் இவ்வளவு சின்னச் சம்பவத்தில் இவ்வளவு பெரிய துக்கம் வேறெங்கும் இல்லை. அவள் எங்கே போயிருந்தாள் என்பதற்கு அந்த ஒருவன்தான் சாட்சி. வீடு அவளைக் கேட்டிருந்தால், அவள் சொல்லியிருந்தால், மாரியை உள்ளே கூப்பிட்டு ஒரு சொம்பு மோராவது கொடுத்திருக்கலாம். கேட்காத வீட்டில் சாட்சியைக் கூப்பிட முடியாது.

நாவல் வந்த மறு வருஷம், 1939-ல், நாராயணின் மனைவி ராஜம் டைஃபாய்டு காய்ச்சலில் இறந்துபோனார். அதற்குப் பிறகு அவர் எழுத்தின் போக்கே மாறியது. இப்படி ஒரு பெண்ணின் இருட்டுக்குள் முழுசாக இறங்கிய நாவலை அவர் மறுபடி எழுதவில்லை என்பது என் எண்ணம்.

இனி இதே மைசூருவின் இன்னொரு வீட்டுக்கு வருவோம். சாமராஜபுரம். அங்கே வாழ்ந்தவர் திரிவேணி. இயற்பெயர் அனசூயா சங்கர். 1928-ல் பிறந்து 1963-ல், முப்பத்தைந்து வயது நிறைவதற்குள், பிரசவமான சில நாட்களில் இறந்துபோனவர். அதற்குள் இருபது நாவல்கள் வரை எழுதிவிட்டார். கன்னட நண்பர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, தமிழ் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அவர் உளவியல் படித்தவர். அது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்தியாவில் உளவியல் துறை முதன்முதலாகத் தொடங்கிய பல்கலைக்கழகங்களில் மைசூரு ஒன்று. 1924-ல் எம்.வி. கோபாலசாமி இங்கே அந்தத் துறையைத் தொடங்கினார். லண்டனில் உளவியலாளர் ஸ்பியர்மனிடம் படித்து வந்தவர்.  மனசுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பாடமாகப் படிக்கலாம் என்ற எண்ணம் வேர்விட்ட ஊர் இது. அதில் படித்த ஒரு பெண், வீட்டுக்குள் பெண்கள் ஏன் நொறுங்குகிறார்கள் என்று எழுதினார்.

அவருடைய நாவல்களில் ஒன்று ‘சரபஞ்சர’. அம்புகளால் ஆன கூண்டு என்று பொருள். புட்டண்ணா கனகால் எழுபதுகளின் தொடக்கத்தில் அதைப் படமாக எடுத்தார். சிறந்த கன்னடப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. புட்டண்ணா இதே மைசூரு மாவட்டத்துக் கனகால் ஊர்க்காரர், பி.ஆர். பந்துலுவிடம் தொழில் கற்றவர். புட்டண்ணாவிடம் உதவியாளராக இருந்தவர் நம் பாரதிராஜா. தமிழில் பின்னால் வந்த பல பெண் பாத்திரங்களுக்குள் இந்த வழியாகவும் ஒரு ஓடை ஓடுகிறது.

படத்தின் நாயகி காவேரி நன்றாக வாழ்ந்துகொண்டிருந்தவள். கல்பனா நடித்தது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு மனம் பேதலிக்கிறது. இது கற்பனை நோய் இல்லை. பிரசவமான ஆயிரம் பெண்களில் ஒருவருக்கோ இருவருக்கோ வரக்கூடியது, சிகிச்சையில் தேறக்கூடியது. அந்தக் காலத்திலேயே பெங்களூரில் மனநல மருத்துவமனை நல்ல நிலையில் இருந்தது, 1954-ல் அங்கே அகில இந்திய மனநல நிறுவனமும் வந்துவிட்டது. காவேரியும் தேறிவிடுகிறாள். மருத்துவர் சரியாகிவிட்டது என்று அனுப்புகிறார். படம் உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. வீட்டுக்கு வந்தவளை வீடு ஏற்கவில்லை. அவள் சிரித்தால் ஒரு பார்வை, சிரிக்காவிட்டால் ஒரு பார்வை. ஒரு பாத்திரம் கைதவறி விழுந்தால், கைதவறியது என்று யாரும் நினைப்பதில்லை. நோயின் பிதற்றலில் அவள் சொல்லிவிட்ட பழைய விஷயம் ஒன்றைக் கணவனால் மறக்க முடியவில்லை. அவன் விலகி வேறொருத்தியிடம் போகிறான். கடைசியில் அவள் மறுபடி நொறுங்கி ஆஸ்பத்திரிக்கே போகிறாள்.

கல்பனாவின் முகத்தைக் கவனித்துப் பாருங்கள். தேறி வந்த முதல் நாட்களில் அந்த முகத்தில் ஓர் எதிர்பார்ப்பு இருக்கிறது. யாராவது, உனக்கு அங்கே எப்படி இருந்தது, என்ன பட்டாய் என்று கேட்பார்களா என்று. ஒருவரும் கேட்பதில்லை. சாவித்திரியின் வீடு கேட்காததற்குக் காரணம் அலட்சியம். காவேரியின் வீட்டுக்குப் பயம். அங்கே கேட்காத கேள்வியைக் கண்களால் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், பதில் சொல்ல மட்டும் அவளுக்கு வாய் கொடுக்கவில்லை. மருத்துவமனை குணப்படுத்தியதை வீடு நாளுக்கு நாள் அவிழ்க்கிறது. இந்தப் படத்தைப் பைத்தியத்தைப் பற்றிய படம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. புத்தி தெளிவாக இருக்கும் ஒரு குடும்பத்தைப் பற்றிய படம் அது.

வீட்டை விட்டுப் போனவர்களில் இன்னொருத்தியையும் சொல்ல வேண்டும். எஸ்.எல். பைரப்பாவின் ‘வம்சவிருட்ச’ நாவலில் காத்யாயனி என்று ஒருத்தி உண்டு. பி.வி. காரந்தும் கிரீஷ் கர்னாடும் சேர்ந்து படமாக்கி, இருவரும் தேசிய விருது பெற்றார்கள். நஞ்சன்கூட்டிலிருந்து மைசூருவுக்கு ரயிலில் கல்லூரிக்கு வரும் இளம் விதவை. மறுமணம் செய்துகொள்கிறாள், தன் மகனைக் கபிலைக் கரையில் மாமனார் வீட்டிலேயே விட்டுவிட்டு. திரும்பி வராதவள் அவள். அதற்கு வேறு விலை கொடுக்கிறாள். அதை இன்னொரு நாள் பேச வேண்டும், இன்று திரும்பி வந்தவர்களோடு நிற்கிறேன்.

மெகுமியின் வீட்டுக்கு மறுபடி வருகிறேன். அந்தக் காலைச் சாப்பாட்டுக் காட்சியில் மூவரும் கேட்காமல் இருப்பதை என்னவென்று எடுத்துக்கொள்வது? சாவித்திரி வீட்டு அலட்சியமா, காவேரி வீட்டுப் பயமா? அதை மன்னிப்பு என்றும் பார்க்கலாம். எல்லோருமே ஒரு ராத்திரி வெளியில் கிடந்து வந்தவர்கள், அதனால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று. பல வருஷம் நானும் அப்படியே நம்பினேன். முதல் முறையாக அந்த மேசையில் அப்பாவின் குச்சிக்காக யாரும் காத்திருக்கவில்லை என்பதும் உண்மைதான். அடுத்து கென்ஜி பியானோ தேர்வில் தெபுஸியின் இசையை வாசிக்கிறான். அப்பா கண்ணீரோடு நிற்கிறார். வாசித்து முடித்ததும் மூன்று பேரும் ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போகிறார்கள். அழகான முடிவு.

ஆனால் நேற்று முன்வரிசை அம்மா கேட்ட பிறகு என்னால் அதோடு திருப்திப்பட முடியவில்லை. பையனின் வாசிப்பைக் கேட்க நேரம் கிடைத்த வீட்டுக்கு மெகுமியின் கடற்கரையைக் கேட்க நேரம் கிடைக்கவில்லையே. அவள் ஏன் தப்பிக்காமல் காருக்குத் திரும்பினாள்? அந்த விடியலில் கடலைப் பார்த்து நின்றபோது என்ன நினைத்தாள்? பார்வையாளர்களான நமக்குத் தெரிந்தது அவள் கணவனுக்குத் தெரியாது. குரோசாவா மீது குறை சொல்லவில்லை. இந்த வெறுமையை அவர் அறிந்துதான் வைத்திருக்கிறார் என்று இப்போது நினைக்கிறேன். நீட்டிய கையை அந்தரத்தில் நிற்கவிட்ட அதே இயக்குநர்தானே.

என் அப்பாவின் கதைக்கு மிச்சம் இருக்கிறது என்றேன். நாலு மாசத்துக்குப் பிறகு அவருக்கு ஓர் அரிசி மண்டியில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. வேலை மாறிவிட்டேன் என்று மட்டும் வீட்டில் சொன்னார். டப்பா மறுபடியும் எண்ணெயும் பருக்கையுமாக வரத் தொடங்கியது. அம்மா அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை. வருஷங்கள் ஓடின. எங்களுக்குக் கல்யாணம் ஆனது. அப்பா ஓய்வு பெற்றார்.

ஒரு மத்தியானம் நான் ஊருக்கு வந்திருந்தேன். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். அப்பா ரசத்துக்குக் கை நீட்டினார். அம்மா கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

“என்னங்க, அந்த நாலு மாசம் எங்க போயிருந்தீங்க?”

அப்பா நிமிர்ந்து பார்த்தார். எந்த நாலு மாசம் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் இலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “குக்கரஹள்ளி கெரே” என்றார்.

பிறகு பேச ஆரம்பித்தார். ஏரிக்கரையில் எந்த மரத்தடியில் எந்தக் கல் பெஞ்சு, காலை எத்தனை மணிக்கு வெயில் அங்கே வரும், கூழைக்கடாக்கள் எந்த மாசத்தில் கூட்டமாக இறங்கும், எந்தக் குழாயில் டப்பா கழுவுவார், பல்கலைக்கழகப் பையன்கள் அந்தப் பக்கம் வந்தால் எப்படிப் பேப்பரை விரித்து முகத்தை மறைப்பார். அதே பெஞ்சுக்கு இன்னும் இரண்டு பேர் சாப்பாட்டு டப்பாவோடு வருவார்களாம். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பெயர் கேட்டுக்கொண்டதே இல்லையாம். மதியம் மட்டும் ஊறுகாயைப் பகிர்ந்துகொள்வார்களாம். அதில் ஒருவர் ஒரு நாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவருக்கு வேலை கிடைத்ததா, வேறு ஏதாவது ஆனதா என்பதுதான் இத்தனை வருஷமாகத் தன் மனசில் இருக்கிறது என்றார். சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.

அம்மா இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. நடுநடுவே, “அப்புறம்?” என்று மட்டும் கேட்டாள்.

இலையில் சோறு காய்ந்துபோனது. கை காய்ந்துபோனது. மணி மூன்றரை ஆகும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை.